ஆரோக்கியசாமி வீட்டு முருங்கை

ஃபேக்டரி குவார்ட்டர்ஸைக் கவனிக்கும் எஸ்டேட் ஆபீசிலிருந்து கடிதம் வந்தபோது ஞானகுமாரி அத்தை பின்பக்கம் மீன் கழுவிக்கொண்டிருந்தார். சங்கரா மீன். கையெல்லாம் செதில். ஆரோக்கியசாமி மாமா கடிதத்தைப் பிரித்துப் படித்துக் காட்டினார். நவம்பர் முப்பதாம் தேதிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும். எதிர்பாராத கடிதம் இல்லை. செப்டம்பர் கடைசியில் மாமா ஃபேக்டரியிலிருந்து ரிடையர் ஆகிவிட்டார். பருத்திப்பட்டு ஏரிக்குப் பின்னால் சொந்த வீடு கட்டி வெள்ளையடித்து, ஜன்னலுக்குக் கம்பி வைத்தும் ஆகிவிட்டது. ஆனாலும் அத்தை மீனைச் சட்டியிலேயே விட்டுவிட்டு, கழுவிய தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய் முருங்கை மரத்தடியில் ஊற்றினார். ஊற்றிவிட்டு அங்கேயே நின்றார்.

"இவனை என்ன பண்றது?"

மாமா கடிதத்தை மடித்தார்.

"நான் கேக்குறேன்ல. நாம போயிடுவோம். இவனை என்ன பண்றது?"

அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு சுவர்தான். நான் அப்போது பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் கேட்காமல் இருக்காது.

அத்தை கேட்டது தன் பிள்ளையைப் பற்றி. எழுபத்திரண்டாம் வருஷம் ஐப்பசி மழையில், எட்டாம் மாதத்திலேயே வலி கண்டு, இந்த வீட்டு உள்ளறையில் அவருக்கு முதல் குழந்தை பிறந்தது. ஆண். அழவில்லை. ஞானஸ்நானம் கொடுக்க உயிர் இல்லை. ஞானஸ்நானம் இல்லாத குழந்தையைக் கல்லறைத் தோட்டத்தில் வைக்கும் வழக்கம் அப்போது அவர்களிடம் இல்லை. மாமா அதைத் துணியில் சுற்றி வீட்டுக்குப் பின்னாலேயே புதைத்தார். நாய் தோண்டாமல் இருக்கக் கல் வைத்தார். இடம் தெரிவதற்காக ஒரு முருங்கைப் போத்தை வெட்டி நட்டார். அத்தை ஜன்னி கண்டு பத்து நாள் நினைவில்லாமல் கிடந்தார். எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தபோது போத்தில் இலை விட்டிருந்தது. அடுத்த வருஷம் ஹில்டா பிறந்தாள். வளர்ந்து, கல்யாணமாகி, இப்போது காட்பாடியில் இருக்கிறாள். அவளுக்குக்கூட இதைச் சொன்னதில்லை. தெரிந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர், செத்துப்போன மருத்துவச்சி, என் அம்மா. அவ்வளவுதான்.

அந்த மரத்துக்கு அத்தை போடாத பொருள் இல்லை. மீன் தண்ணீர், அரிசி கழுநீர், முட்டை ஓடு, தேயிலைச் சக்கை, சீப்பில் சுருண்ட முடி, விறகடுப்பு இருந்த காலத்தில் சாம்பல், ஈஸ்டருக்கு அறுத்த கோழியின் இறகும் குடலும். சோப்புத் தண்ணீர் மட்டும் அந்தப் பக்கம் போகாதபடி மண்ணணை கட்டியிருந்தார். மரம் சும்மா இருக்கவில்லை. பங்குனி, சித்திரையில் மூன்று முழக் காய் சடைசடையாகத் தொங்கும். மற்ற நாளில் கீரை. குவார்ட்டர்ஸ் லைன் முழுவதும் வந்து பறிப்பார்கள். எங்கள் லைனில் திருநெல்வேலிக்காரர், தஞ்சாவூர்க்காரர், தெலுங்கர், மலையாளி, ஒரு சர்தார்ஜி குடும்பம் என்று மாறி மாறி வந்திருக்கிறார்கள். சர்தார்ஜியின் மனைவிக்கு முருங்கைக்காயைச் சப்பித் துப்பக் கற்றுக்கொடுத்ததே அத்தைதான். கேட்காமல் பறிக்கலாம். கிளையை முறித்தால் மட்டும் வந்து திட்டுவார்.

ஐப்பசியில் மரம் முழுக்கக் கம்பளிப்பூச்சி அப்பும். மற்ற வீட்டில் பந்தம் கட்டிக் கொளுத்துவார்கள். அத்தை விடமாட்டார். "அதுவும் தின்னுட்டுப் போகட்டும்" என்பார். தின்றது. அதைத் தின்னச் செம்போத்து வந்தது. இரண்டும் போன பிறகு மரம் மறுபடி துளிர்த்தது.

என் அம்மா மட்டும் அந்த மரத்தில் ஒரு இலைகூடக் கிள்ளியதில்லை. ஏன் என்று கேட்டால், "எனக்குப் பித்தம்" என்பாள்.

அந்த வருஷம் கல்லறைத் திருநாள் அன்று அத்தை எப்போதும்போல மாமனார் கல்லறைக்குப் பூ வைத்துவிட்டு வந்தார். மிச்சமிருந்த ஒரு மெழுகுவர்த்தியை மரத்தடியில், காற்றுக்கு மறைவாகக் கல் சார்த்தி ஏற்றினார். மாமா நாற்காலி போட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"தோண்டி எடுத்துக்கிட்டுப் போயிடலாங்க."

"இருபத்தோரு வருஷம் ஆச்சு, ஞானம்."

"ஆனா என்ன? எலும்பு இருக்கும்ல. எலும்பு எங்க போவும்?"

"வேரை வெட்டுனா மரம் சாஞ்சிடும்."

"மரம் யாருக்கு வேணும்? இத்தனை வருஷம் அடுத்தவன் எடத்துல கிடந்துட்டான். இப்பத்தான் நமக்குன்னு ஒரு சென்ட் மண்ணு வந்திருக்கு. அங்க வந்து படுக்கட்டும்."

"எஸ்டேட்காரன் பள்ளத்தைப் பார்த்துட்டுக் கேட்டா?"

"கேட்டா சொல்லுங்க. ஃபேன் ரெண்டு, பல்பு நாலு, குழாய் மூணுன்னு எண்ணி எழுதிவெச்சிருக்கான்ல. அந்த லிஸ்ட்டுல எம் புள்ளை இல்லைன்னு சொல்லுங்க."

மாமா சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. மெழுகுவர்த்தி உருகித் தீர்ந்தது.

"அவன் இல்லாம நான் வண்டியில ஏற மாட்டேன்" என்று அத்தை கடைசியாகச் சொன்னார். "நீங்க போங்க."

பத்து நாள் மழை. அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை காலையில் வெயில் அடித்தது. மாமா கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்தார். அத்தை ஒரு பெரிய பிஸ்கட் டின்னைக் கழுவிக் காயவைத்து, உள்ளே ஹில்டா சிறுமியாகக் கோயிலில் முதல் நற்கருணை, புதுநன்மை, வாங்கிய அன்று போட்ட வெள்ளை முக்காட்டை மடித்து வைத்திருந்தார். அம்மா சுவரைத் தாண்டிப் போய் அத்தையின் பக்கத்தில் நின்றாள். நானும் போனேன்.

முதல் அடி ஆழம் வரை மண் கறுப்பாக, கையில் எடுத்தால் அல்வாத் துண்டு மாதிரி நின்றது. ஒவ்வொரு வெட்டிலும் நாலைந்து மண்புழு நெளிந்தது. வேர்கள் முள்ளங்கி பருமனில் வெள்ளையாக இருந்தன. வெட்டுப்பட்ட இடத்திலிருந்து காரமான வாசனை எழுந்து மூக்கில் ஏறியது. மாமாவுக்கு மூச்சு வாங்கியது. இரண்டு வெட்டுக்கு ஒரு தரம் நின்றார்.

குவார்ட்டர்ஸ் வெளி மதிலில் இருந்த இடிந்த சந்து வழியாக நாகம்மாள் உள்ளே வந்தாள். மதிலுக்கு வெளியே அண்ணனூர் ரயில் பாதைப் பக்கம் குடிசைகள். அங்கிருந்து வந்து லைனில் ஆறு வீட்டுக்குப் பாத்திரம் தேய்ப்பாள். நாலு ஆடு வைத்திருந்தாள். அவள் மகள் சுசீலா பிரசவத்துக்கு வந்து, பெண் குழந்தை பெற்று இருபது நாள் ஆகியிருந்தது. பச்சை உடம்புக்காரிக்குப் பால் ஊற வேண்டுமென்று நாகம்மாள் தினமும் காலையில் வந்து ஒரு மடி கீரை உருவிக்கொண்டு போவாள்.

"இன்னா சார், பொதையலு எதுனா கீதா? எனக்கும் ஒரு பங்கு குடு."

யாரும் சிரிக்கவில்லை. நாகம்மாள் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தாள்.

"எம் புள்ளைய எடுக்குறேன், நாகம்மா" என்றார் அத்தை. "மொதப் புள்ளை. செத்துப் பொறந்தவன். இங்கதான் வெச்சிருக்கோம்."

நாகம்மாள் மடியில் கட்டியிருந்த கீரையைத் துவைக்கிற கல்மேல் வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்தாள்.

இரண்டடி. மூன்றடி. கறுப்பு மண் தீர்ந்து மஞ்சள் களிமண் வந்தது. அத்தை பள்ளத்தின் ஓரத்தில் மண்டியிட்டு, மாமா அள்ளிப் போட்ட மண்ணையெல்லாம் முறத்தில் வாங்கி விரலால் உடைத்து உடைத்துப் பார்த்தார். ஓடு வந்தது, முட்டை ஓடு. ஒரு முள் வந்தது, மீன் முள். கண்ணாடி வளையல் துண்டு வந்தது. அவர் தேடியது வரவில்லை.

"நீங்க இங்கதான் வெச்சீங்களா?"

"இங்கதான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இங்கதான், ஞானம்."

"பின்ன எங்க? ஒரு துண்டு? ஒரு விரல் எலும்பு?" அத்தையின் குரல் மாறிவிட்டது. "நான் நெனவு இல்லாமக் கிடந்தேன். நீங்க சொன்னதை நம்புனேன். ஏரியில போட்டுட்டு வந்துட்டு என்னை ஏமாத்த ஒரு குச்சிய நட்டுவெச்சீங்களா? இத்தனை வருஷமா வெறும் மண்ணுக்கா நான் மெழுகுவர்த்தி ஏத்துனேன்?"

மாமா மண்வெட்டியைக் கீழே போட்டார். பள்ளத்துக்குள் நின்றபடியே பேசினார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

"நம்ம கோயில் உபதேசியார் வீட்டு வாசல் வரைக்கும் தூக்கிட்டுப் போனேன். நல்ல மழை. அவரு துணிய வெலக்கிப் பார்த்தாரு. அழுதாரு. ஆனா முடியாது ஆரோக்கியம், நான் என்ன பண்ணட்டும்னுட்டாரு. திரும்பி வந்து இங்க தோண்டுனேன். தண்ணி ஊறிக்கிட்டே இருந்துச்சு. டிபன் டப்பாவால மொண்டு மொண்டு ஊத்திட்டு வெச்சேன். வெச்சிட்டு, என் டோக்கனை அவன் நெஞ்சு மேல வெச்சேன்."

"என்ன டோக்கன்?"

"ஃபேக்டரி டோக்கன். பித்தளை. கேட்டுல மாட்டுவோம்ல, அது. தொலைஞ்சி போச்சுன்னு எழுதிக் குடுத்துத் திட்டு வாங்குனேன்."

"அதை எதுக்கு வெச்சீங்க?"

"அவனுக்குப் பேர் இல்லல்ல. பின்னாடி யாராவது தோண்டுனா யார் புள்ளைன்னு தெரியணும்ல. எங்கிட்ட என் நம்பர்தான் இருந்துச்சு."

அத்தை முறத்தை வைத்துவிட்டார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே பள்ளத்துக்குள் இறங்கினார். மாமாவை ஒதுங்கச் சொல்லிவிட்டு, மரத்துக்கு நேர்கீழே, பெரிய வேர் இரண்டாகப் பிரிகிற இடத்தில் கையை விட்டுத் துழாவினார். வெகுநேரம் துழாவினார். பிறகு கை நின்றது.

வேர் அதைக் கவ்வியிருந்தது. மாமா கத்தியால் வேரை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. பச்சைக் களிம்பு ஏறிய ஒரு வட்டம். அத்தை முந்தானையில் தேய்த்தார். ஓட்டை தெரிந்தது. இன்னும் தேய்க்க நம்பர் தெரிந்தது. மூவாயிரத்து நூற்று நாற்பத்தேழு.

அது இருந்த இடத்தைச் சுற்றி அத்தை விரலாலேயே தோண்டினார். மண்தான். ஈரமான, நல்ல கறுப்பு மண். அந்த ஆழத்தில் வேறெங்கும் களிமண். அந்த ஒரு கையகல இடத்தில் மட்டும் கறுப்பு.

"இது இருக்கு" என்றார் அத்தை. "அவன் எங்க?"

அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். துவைக்கிற கல்லிலிருந்து நாகம்மாள்தான் பேசினாள்.

"எக்கா, நான் ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. அவன் எங்கயும் பூடல. நாங்கோ துன்னுட்டோம்."

"நாகம்மா!" என்று அம்மா அதட்டினாள்.

"இரு எக்கா, சொல்லிட்றேன். பின்ன இந்த மரம் சும்மாவா காச்சுது? பக்கத்து லைன்ல கூடத்தான் மரம் கீது, ஒட்டடக்குச்சி கணக்கா. எத்தினி வருசம் எங்க ஊட்டு கொழம்பு இந்தக் காயி. எம் பையன் குணசேகரன் மஞ்சக்காமாலை வந்து கெடந்தப்ப இந்தக் கீரைய ஆஞ்சி ஆஞ்சி ஊத்துனேன், இப்ப பாடி மார்க்கெட்டுல மூட்டை தூக்குறான், எரும கணக்கா கீறான். ராவ் ஊட்டம்மா இல்ல, சாம்பாருக்கு மடி மடியா பறிக்குமே, அது ஆந்திரா பக்கம் மேடக்குக்கு மாத்தலாயி பூட்ச்சி. சிங்கு ஊட்டுப் பசங்கோ ஜபல்பூரு பூட்டாங்கோ. என் ஆட்டுக்கு தழை ஒடச்சி போட்டேன், அதை பாடில கட வெச்சிகீற பாயி வாங்கிக்கினு போயி பிரியாணி போட்டாரு, எத்தினி ஃபேக்டரிக்காரன் துன்னானோ. ஆடு போட்ட புழுக்கைய நீயே வாரி இதுங்கீழ போட்ட. கம்பளிப்பூச்சி துன்னுச்சு, அதை செம்போத்து துன்னுட்டு எங்க பறந்துச்சோ யார் கண்டா. நீ இன்னாடான்னா, தோ கீற பருத்திப்பட்டுக்கு டப்பால போட்டு தூக்கினு போவணும்ன்ற. அவன் உனக்கு முன்னாடியே ரயிலேறி ஊரெல்லாம் பூட்டான்."

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு, துவைக்கிற கல்மேல் இருந்த கீரையைக் காட்டினாள். "எம் பேத்தி குடிக்குதே பாலு, அதுல கூடத்தான் கீறான்."

அத்தை பள்ளத்திலிருந்து அவளை நிமிர்ந்து பார்த்தார். அடித்துவிடுவார் என்று நினைத்தேன்.

"வீட்டுக்குப் போ, நாகம்மா" என்றார் மெதுவாக.

நாகம்மாள் போனாள். கீரை கல்மேலேயே கிடந்தது. மாமா பள்ளத்தை மூடினார். அத்தை மண்கையோடு படியில் உட்கார்ந்து டின்னைத் திறந்து முக்காட்டைப் பார்த்தார், மூடினார். மறுபடி திறந்து பார்த்தார். அன்று சாயங்காலம் மாமா புளி போட்டு அந்த டோக்கனைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "யாருக்காகத் தேய்க்கிறீங்க?" என்று அத்தை உள்ளேயிருந்து கேட்டார். மாமா அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

நாகம்மாள் செய்த தப்பு மறுநாள் நடந்தது. அதை அவள் தப்பென்று நினைத்துச் செய்யவில்லை. குழாயடியில், குடம் வைத்துக் காத்திருந்த பத்துப் பேர் நடுவில், நல்ல செய்தி சொல்வதுபோல எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஞானகுமாரி அக்கா பிள்ளை வீணாகப் போகவில்லை, நம் எல்லார் உடம்பிலும் ஓடுகிறது என்றாள். கேட்டவர்கள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

"ஐயையோ, நேத்துகூடப் பொரியல் பண்ணேனே!"

"எங்க வீட்டு ஃபிரிட்ஜுல சாம்பார் இருக்குடி."

"கிறிஸ்துவங்க வீட்ல இப்படியெல்லாமா செய்வாங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

ஒருத்தி அங்கேயே குமட்டினாள். அம்மா குடத்தை வைத்துவிட்டு நாகம்மாளை ஓரமாக இழுத்துப் போய்த் திட்டினாள். "ஒனக்கு வாயில பூட்டே கிடையாதா?" "நான் இன்னா தப்பா சொல்லிட்டேன்? மண்ணுல எது இல்ல? மசானம் பக்கம் வெளையுற கத்திரிக்காய நீங்கோ துன்னல?" என்று நாகம்மாள் திருப்பிக் கேட்டாள். அதுவும் பத்துப் பேர் காதில் விழுந்தது.

அன்றிலிருந்து ஒருவரும் பறிக்க வரவில்லை.

வேரில் பாதி வெட்டுப்பட்டும் மரம் சாயவில்லை. மழை மறுபடி பிடித்துக்கொண்டது. மற்ற வருஷம் கை எட்டும் கிளையெல்லாம் மொட்டையாக இருக்கும். இப்போது கீரை முற்றி, மஞ்சளாகி, காற்றடித்தால் காசு காசாக உதிர்ந்தது. மதில்மேல், துணிக்கொடியில், எங்கள் வீட்டு மொட்டை மாடியில் எங்கும் மஞ்சள் இலை. அத்தை சாமான் கட்டுகிற வேலையின் நடுவில் நடுவில் பின்பக்கம் வந்து நிற்பார். பித்தளைப் பாத்திரத்தைச் சாக்கில் போடுவார், வந்து நிற்பார். பாயைச் சுருட்டுவார், வந்து நிற்பார். மதிலில் இடிந்த சந்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார்.

"இன்னைக்கும் யாரும் வரலையா?" என்று சுவருக்கு மேலாக அம்மாவிடம் கேட்பார்.

"மழையில்ல, அதான்."

"மழையிலும் வருவாங்களே." கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பூச்சிங்கதான் வருது. செம்போத்து வருது. மனுஷங்கதான் வரலை" என்றார்.

ஒருநாள் அவர் இலைக்கொத்து ஒன்றைக் கையில் பிடித்தபடி நின்றதைப் பார்த்தேன். பறிக்கவில்லை. குழந்தையின் கையைப் பிடிப்பதுபோலச் சும்மா பிடித்துக்கொண்டு நின்றார். நான் பார்ப்பது தெரிந்ததும் சொன்னார்: "நான் ஒருத்தி தோண்டாம இருந்திருந்தா இவனை எல்லாரும் தொட்டுக்கிட்டே இருந்திருப்பாங்க. என்ன?"

தலையை ஆட்டினேன்.

லாரி திங்கட்கிழமை காலை என்று முடிவாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாகம்மாள் எங்கள் வீட்டு முன்வாசலுக்கு வந்தாள். அத்தை வீட்டுப் பக்கம் போகக் கூச்சம்.

"எக்கா, எங்கனா வேற கீரை கெடைக்குமா? ஆவடி மார்க்கெட்டு பூரா சுத்தினேன், மழைல ஒண்ணுமே வரல. சுசீலாவுக்குப் பாலே இல்ல. புள்ள நாளெல்லாம் கத்துது. சக்கரத்தண்ணி ஊத்திக்கினு கீறேன்."

"அங்கதான் மரம் நிக்குதே" என்றாள் அம்மா.

"அவ தொட மாட்டேன்றாளே. நான் சொன்னதக் கேட்டதும் வாந்தி எடுத்தா பாரு, அன்னிலேர்ந்து மொருங்கன்னாலே கொமட்டுதுன்றா. அந்தப் பெரிம்மா புள்ளைய நான் துன்னுட்டேனேன்னு அழுவுறா. எல்லாம் என் வாயி எக்கா. என் வாய ஒடைக்கணும்."

சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கட்டுகிற சத்தம் நின்றிருந்தது. நாகம்மாள் போன பிறகும் சத்தம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். அத்தை தூறலில் நனைந்தபடி மரத்தடியில் நின்று, தாழ்ந்த கிளையை வளைத்துக் கொழுந்தாகப் பார்த்து ஒடித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு முறம் குடு" என்றார் என்னிடம். "என்னோடதைக் கட்டிட்டேன்."

நானும் கூட உட்கார்ந்து உருவினேன். காம்பு நீக்கி, பூச்சி பார்த்து, பழுப்பு ஒதுக்கினோம். வீடு காலியாக இருந்ததால் பேச்செல்லாம் எதிரொலித்தது. ஸ்டவ்வும் ஒரு வாணலியும் மட்டும்தான் கட்டாமல் இருந்தன. பூண்டை நசுக்கிப் போட்டு, கீரையை வதக்கி, எங்கள் வீட்டிலிருந்து வாங்கிய இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினார். மாமா கயிறு திரித்துக்கொண்டே பார்த்தார். அத்தை தூக்குவாளியில் சோறும் கீரையும் போட்டு மூடினார். நான் குடை பிடித்தேன். மதில் சந்து வழியாகக் குனிந்து போனோம்.

குடிசைக்குள் போகுமுன்பே குழந்தையின் அழுகை கேட்டது. பலமான அழுகை இல்லை. அழுது அழுது நைந்த குரல். சுசீலா சுவரில் சாய்ந்து அதை மார்போடு வைத்திருந்தாள். அது வாய் வைத்து இழுக்கும், வராமல் விட்டுவிட்டுத் தலையை ஆட்டி அழும். அத்தையைக் கண்டதும் சுசீலா எழப் பார்த்தாள்.

"உக்காரு. கீரை கொண்டாந்திருக்கேன்."

சுசீலாவின் முகம் வெளுத்தது. "வாணாம் பெரிம்மா."

"எம் மரத்துக் கீரைதான்."

"தெரியும் பெரிம்மா. அதான் வாணாம்ன்றேன். வயித்தப் பெரட்டுது. உன் புள்ளைய நான் எப்டி..." அவள் அழத் தொடங்கினாள். குழந்தையும் அழுதது. நாகம்மாள் கதவோரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"நான் சாப்பிட்டா நீ சாப்பிடுவியா?" என்று கேட்டார் அத்தை.

சுசீலா குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

அத்தை தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். தூக்குவாளி மூடியில் சோற்றைப் போட்டு, மேலே கீரையைப் போட்டுப் பிசைந்தார். உருட்டிய கவளம் கையிலேயே நின்றது. அன்றைக்கு முன் இத்தனை வருஷத்தில் அந்த மரத்துக் கீரை அவர் வீட்டு அடுப்பில் ஏறியதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஹில்டாவுக்குக்கூட மார்க்கெட்டில் வாங்கித்தான் செய்வார். நாகம்மாள் குனிந்து அவர் தோளைத் தொடப் போனாள், தொடவில்லை.

அத்தை வாயில் போட்டுக்கொண்டார். கண்ணை மூடி மென்றார். நிறைய நேரம் மென்றார். விழுங்கினார்.

"எப்டி கீது எக்கா?" என்றாள் நாகம்மாள், சன்னமாக.

"கசக்கும்னு நெனச்சிட்டிருந்தேன்."

"கசக்குதா?"

"இல்ல." அத்தை புறங்கையால் கண்ணைத் துடைத்தார். "நீயே தின்னு பாரு. உப்பு சரியா இருக்கான்னு சொல்லு."

நாகம்மாள் மூடியிலிருந்து விரலால் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தாள். "உப்பு கீது. பூண்டு இன்னும் ரெண்டு பல்லு தட்டிப் போட்ருக்கலாம். மூட்டை கட்டி முடிச்ச ஊட்ல பூண்டுக்கு எங்க போவ, பாவம்."

அழுகைக்கு நடுவில் சுசீலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அத்தை அடுத்த கவளத்தை உருட்டி அவள் வாய்க்கு நேராக நீட்டினார். சுசீலா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

"மெதுவா மென்னு. இன்னும் ஒரு வாய். இது கடைசி இல்ல, இன்னும் இருக்கு."

மூடி மூன்று தரம் காலியானது. கீரை தின்ற உடனே பால் வந்துவிடாது, இரண்டு மூன்று நாள் ஆகும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். சுசீலா சாப்பிட்டு முடிக்கும்வரை அத்தை குழந்தையை வாங்கி மடியில் போட்டிருந்தார். அது அவர் சுண்டுவிரல் முட்டியைப் பிடித்துச் சப்பிப் பார்த்துக்கொண்டே, அழுத களைப்பில் தூங்கிப்போனது. அத்தை விரலை எடுக்கவில்லை.

எழும்போது நாகம்மாளிடம் சொன்னார்: "காலையில ஏழு மணிக்கு லாரி வருது. அதுக்கு முன்னாடி வந்து பறிச்சுக்கோ. அப்புறம் புதுசா வர்றவங்ககிட்ட கேட்டுத்தான் பறிக்கணும். கேளு, வெக்கப்படாத. அவங்களுக்கும் சொல்லு, தாராளமாத் தின்னச் சொல்லு. கிளைய மட்டும் முறிக்க வேணாம்னு சொல்லு."

"சரி எக்கா."

"கதையெல்லாம் சொல்லாத."

"சொல்ல மாட்டேன் எக்கா. சத்தியமா சொல்ல மாட்டேன்."

நாங்கள் திரும்பி வந்தபோது மழை விட்டிருந்தது. மாமா கடைசி மூட்டைக்கு முன்னால், கயிற்றின் ஒரு முனையைக் காலில் மிதித்து, மறுமுனையைக் கையில் பிடித்தபடி நின்றார். மூட்டையின் வாய் திறந்திருந்தது.

"இன்னும் ஏதாவது வெக்கணுமா, ஞானம்?"

அத்தை மூட்டைக்குள் எட்டிப் பார்த்தார். காலியான அறைகளைப் பார்த்தார்.

"அவ்வளவுதாங்க. கட்டுங்க" என்றார்.